பிசையாமல் ஒரு மூலிகை ரொட்டி

தமிழ்நாட்டில் பிரெட் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது காய்ச்சல்தான்! வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பாக்கெட் பிரெட் வரும். பாலில் தோய்த்து நோயாளிக்குக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் மீதித் துண்டுகள் அலமாரியில் கிடந்து பூசணம் பிடிக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது விரும்பிச் சாப்பிடும் பொருளாக அது பல வீடுகளில் இடம் பிடிக்கவேயில்லை. இலங்கையில் பாணும் சம்பலும் அன்றாட உணவு. இங்கே பிரெட் என்பது மருந்துக் கடைக்குப் பக்கத்துச் சமாச்சாரம்.

இதில் ரொட்டியின் மேல் குற்றமில்லை. பஞ்சு போல அமுங்கி, லேசாக இனித்து, வாசனை ஏதும் இல்லாமல் இருக்கும் அந்தத் துண்டு ரொட்டி வகைகளில் ஒன்று மட்டுமே. மேல்தோல் மொறுமொறுவென்று உடைய, உள்ளே ஈரமும் பெரிய பெரிய துளைகளுமாக, மூலிகை வாசனையோடு அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டியைச் சாப்பிட்டவர்கள் அதை நோயாளி உணவு என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ரொட்டியை வீட்டில் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காரணம் கேட்டால் முதலில் வரும் பதில், "அதை யார் பிசைவது?" என்பதுதான். பத்து பதினைந்து நிமிடம் மாவை அழுத்தி, இழுத்து, மடித்து, திரும்ப அழுத்த வேண்டும். கை வலிக்கும். பதம் தெரியாவிட்டால் ரொட்டி கல்லாகிவிடும். இல்லையென்றால் விலை கூடிய பிசையும் இயந்திரம் வேண்டும். இந்தப் பயம் தேவையில்லாதது. பிசையாமலே நல்ல ரொட்டி செய்யலாம். அதற்குக் கேட்கப்படும் ஒரே விலை, பொறுமை.

2006-ல் நடந்த ஒரு சிறு புரட்சி

2006 நவம்பர் 8-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மார்க் பிட்மன் என்ற உணவு எழுத்தாளர் தன்னுடைய பத்தியில் ஒரு ரொட்டி செய்முறையை வெளியிட்டார். அது அவருடைய கண்டுபிடிப்பல்ல. நியூயார்க் நகரின் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்திய ஜிம் லேஹி என்பவருடைய முறை. மைதா, உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட், தண்ணீர். இவற்றைக் கலந்து மூடி வைத்துவிட வேண்டும். 12 முதல் 18 மணி நேரம் கழித்து மடித்து, இன்னும் இரண்டு மணி நேரம் விட்டு, நன்றாகச் சூடாக்கிய கனமான மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுச் சுட வேண்டும். அவ்வளவுதான்! பிசைதல் என்ற வேலையே கிடையாது.

அந்தச் செய்முறை காட்டுத்தீ போலப் பரவியது. அதுவரை ரொட்டி செய்யத் துணியாத பலர் துணிந்தார்கள். லேஹி 2009-ல் தன் முறையை ஒரு புத்தகமாகவே எழுதினார். 2020-ல் கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது ரொட்டி சுடும் ஆசை மறுபடி கிளம்பி, பல நாடுகளின் கடைகளில் ஈஸ்ட்டுக்கே தட்டுப்பாடு வந்தது.

பிசையாத ரொட்டி 2006-ல்தான் பிறந்தது என்று சொல்வது சரியல்ல. இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் என்ற பெண்மணி 1940-களிலேயே பிசையாத முழுக்கோதுமை ரொட்டி ஒன்றைப் பிரபலப்படுத்தினார். ஒருநாள் பிசைய மறந்துபோய், அதனால் கிடைத்த கண்டுபிடிப்பு அது என்று சொல்லப்படுவதுண்டு. அமெரிக்காவில் சுசான் டனவே என்பவர் 1999-லேயே பிசையத் தேவையில்லை என்பதைத் தலைப்பாகவே வைத்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். லேஹியின் முறையில் கூடுதலாக இருந்தது, நீண்ட ஊறலும் மூடிய சூடான பாத்திரமும் சேர்ந்த சேர்க்கை. பேக்கரியில் மட்டுமே கிடைத்துவந்த மேல்தோல் அதனால்தான் வீட்டு அடுப்புக்கு வந்தது.

பிசைவது எதற்காக?

கோதுமை மாவில் குளுடெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையை உண்டாக்குகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவை இந்த வலைதான் பிடித்து வைக்கிறது. வலை பலமாக இருந்தால் ரொட்டி உப்பும். பலவீனமாக இருந்தால் வாயு தப்பிவிடும், ரொட்டி அமுங்கிவிடும். பிசைவதன் நோக்கம் இந்த வலையைச் சீக்கிரம் பின்னுவதுதான்.

இதில் "சீக்கிரம்" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். மாவில் தண்ணீர் தாராளமாக இருந்து, நேரமும் தாராளமாக இருந்தால் அந்த வலை தானாகவே பின்னிக்கொள்ளும். மாவிலேயே இருக்கும் நொதிகள் புரத இழைகளைச் சற்றுத் தளர்த்தி, நீளக்கூடியவையாக ஆக்குகின்றன. மாவுக்குள் மெல்ல வளரும் வாயுக் குமிழிகள் அந்த இழைகளைத் தள்ளி இழுத்து அடுக்குகின்றன. அதாவது, கை செய்யும் வேலையைக் குமிழிகளே செய்துவிடுகின்றன! மாவையும் தண்ணீரையும் கலந்து சற்று நேரம் சும்மா விட்டாலே பிசையும் வேலை குறையும் என்பதைப் பிரான்சின் ரொட்டி ஆசிரியர் ரேமோன் கால்வெல் 1970-களிலேயே சொல்லிக்கொடுத்தார். லேஹியின் முறை அந்த நேரத்தை நீட்டி, பிசைவதையே இல்லாமல் செய்துவிட்டது.

நேரம் இன்னொன்றையும் தருகிறது. அதுதான் சுவை. ஈஸ்ட் குறைவாக இருப்பதால் மாவு மெதுவாகப் புளிக்கிறது. அந்த மணி நேரங்களில் உருவாகும் அமிலங்களும் மற்ற வாசனைப் பொருட்களும்தான் நல்ல ரொட்டிக்கு மணம் கொடுக்கின்றன. ஒரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டி இரண்டு மணி நேரத்தில் சுட்டு எடுக்கும் ரொட்டியில் ஈஸ்ட் நாற்றம் இருக்கும், ரொட்டி மணம் இருக்காது.

இட்லி மாவு கரைத்து வைக்கும் வீடுகளுக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இரவில் மூடி வைத்த மாவு காலையில் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும். உப்புப் போட்டுக் கையால் கரைத்தவரின் கைராசி என்று பாட்டி சொல்வார். உண்மையில் அது இரவு முழுவதும் உழைத்த நுண்ணுயிர்களின் ராசி. தமிழ்ச் சமையலறைக்கு இது நன்கு பழகிய வித்தை. அதை ரொட்டிக்கு நீட்டிப் பார்க்கத்தான் பலருக்குத் தோன்றவில்லை.

நேரம் பறிபோன கதை

அப்படியானால் கடை ரொட்டியில் ஏன் மணம் இல்லை? அங்கே நேரம் என்பது பணம். 1961-ல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்து, கூடுதல் ஈஸ்ட், கொழுப்பு, வைட்டமின் சி போன்றவற்றைச் சேர்த்தால் மாவில் தொடங்கி வெட்டிய ரொட்டி வரை சுமார் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த முறையைக் கண்மூடித்தனமாகத் திட்டுவதும் நியாயமல்ல. மலிவான ரொட்டியை லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் மேசைக்குக் கொண்டு சேர்த்தது அது. ஆனால் மணி நேரங்களை வெட்டி எறிந்தபோது அவை தந்த சுவையும் கூடவே போய்விட்டது.

அவசரத்துக்குத் துணையாக வந்த சில பொருட்கள் கவலைக்குரியவை. மாவின் வலையைப் பலப்படுத்தப் பொட்டாசியம் புரோமேட் என்ற உப்பைப் பல நாடுகளில் சேர்த்துவந்தார்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது. புதுடெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. தடை வந்தது நல்லதுதான். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு இரவு பொறுத்திருந்தால் தானாக நடக்கும் காரியத்துக்கு அப்படி ஒரு ரசாயனம் தேவைப்பட்டது ஏன்? அவசரம்தான்!

வீட்டில் செய்யும் விதம்

தேவையானவை: மைதா 400 கிராம், உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, தண்ணீர் சுமார் 300 மில்லி, உலர்ந்த மூலிகை ஒன்றரைத் தேக்கரண்டி.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் மைதாவில் பெரும்பாலும் அமெரிக்க ரொட்டி மாவை விடப் புரதம் குறைவு. அதனால் முதலில் 280 மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்து, மாவு வறண்டிருந்தால் மீதியைச் சேர்ப்பது நல்லது. கால் பங்குக்குக் கோதுமை மாவு கலக்கலாம். முழுவதும் கோதுமை மாவு என்றால் ரொட்டி கனமாக வரும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டுக் கரண்டியால் ஒரு நிமிடம் கலக்கினால் போதும். சப்பாத்தி மாவு போல உருண்டு வராது. ஒட்டும், கொழகொழவென்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மாவு போடுவதுதான் முதல் தடவை செய்பவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்த ஈரம்தான் பிசையும் வேலையைச் செய்கிறது.

செய்முறையில் சொன்ன 12 முதல் 18 மணி நேரம் என்பது சுமார் 21 டிகிரி வெப்பம் உள்ள அறைக்கான கணக்கு. மே மாதச் சென்னையில் அந்தக் கணக்கைப் பின்பற்றினால் மாவு பொங்கி, புளித்து, இளகி வழிந்துவிடும். அங்கே 6 முதல் 8 மணி நேரத்திலேயே வேலை முடியலாம். கடிகாரத்தைப் பார்ப்பதை விட மாவைப் பார்ப்பது மேல். அளவு இரட்டிப்பாகி, மேலே எங்கும் குமிழிகள் தெரிந்தால் பதம். இல்லையென்றால் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அங்கே ஒன்றிரண்டு நாள் கெடாமல் இருக்கும், சுவையும் கூடும்.

பிறகு மாவு தூவிய பலகையில் கொட்டி, நான்கு பக்கமும் கடிதம் மடிப்பது போல மடித்து, உருண்டையாக்கி மூடி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம் போதும். குளிரில் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இதற்கிடையில் ஓவனை 230 டிகிரிக்கு வைத்து, உள்ளே கனமான இரும்புப் பாத்திரத்தையும் மூடியையும் அரை மணி நேரம் சூடாக்க வேண்டும். மாவை அதில் போட்டு மூடி 30 நிமிடம், மூடியைத் திறந்து இன்னும் 15 முதல் 20 நிமிடம். மூடிய பாத்திரத்துக்குள் மாவின் ஈரமே ஆவியாகிச் சுற்றி நிற்கும். அந்த ஆவியில்தான் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் ரொட்டி நன்றாக எழும்பும். பிறகு மெல்லிய, மொறுமொறுப்பான தோல் உண்டாகும். பேக்கரிகள் இதற்காகவே ஓவனுக்குள் நீராவி செலுத்துகின்றன.

சின்ன ஓவனில் பாத்திரம் நுழையாவிட்டால் பாதி அளவு செய்து, தட்டில் ரொட்டியை வைத்து அதன் மேல் எஃகுப் பாத்திரத்தைக் கவிழ்க்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள பாத்திரம் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே இவ்வளவு சூடாக்குவதும் ஆபத்து. ஓவனே இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில், இறுக்கமான மூடி போட்டு, அடுப்பில் சிறு தீயில் சுட்டுப் பிறகு திருப்பிப் போடலாம். மேல்தோல் அவ்வளவு நிறமாக வராது. ஆனால் அதுவும் ரொட்டிதான்.

ரொட்டியைத் தட்டினால் வெற்றுப் பானை போல ஓசை வர வேண்டும். சுட்டவுடன் வெட்டக்கூடாது. ஒரு மணி நேரம் ஆற விட்டால்தான் உள்பக்கம் இறுகும். இந்தச் செய்முறையிலேயே கடினமான கட்டம் இதுதான்!

மூலிகையில் இருக்கிறது சூட்சுமம்

ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ ஆகியவை மத்தியதரைக் கடல் நாடுகளின் மூலிகைகள். ரோஸ்மேரியும் தைமும் நீலகிரியில் பயிராகின்றன. இவை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். தைம் இலையின் வாசனைக்கு முக்கியக் காரணம் தைமால் என்ற பொருள். அதே தைமால்தான் ஓமத்துக்கும் அந்தக் காரமான மணத்தைக் கொடுக்கிறது. தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலையோ ஓரிகானோவுக்குக் கிட்டத்தட்ட உறவுக்காரன். ஓமமும் கற்பூரவல்லியும் போட்ட ரொட்டி யாரையும் நகல் எடுத்ததாக இருக்காது. அதற்கென்று ஒரு குணம் இருக்கும்.

உலர்ந்த இலைகளை ஆரம்பத்திலேயே மாவில் கலக்கலாம். பச்சை இலைகள் என்றால் மடிக்கும் நேரத்தில் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் இரவு முழுக்க ஊறிக் கறுத்துவிடும். உலர்ந்ததைப் போல மூன்று பங்கு பச்சை இலை வேண்டும். கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து நொறுக்கிப் போட்டால் மணம் நிற்கும். பச்சைப் பூண்டை அதிகமாகப் போட்டால் மாவு எழும்பாமல் தளர்ந்துவிடும், வதக்கிப் போடுவதே சரி. பூண்டும் மூலிகையும் ஊறிய எண்ணெயைச் செய்து வெளியே நாள்கணக்கில் வைக்கக்கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமிக்கு அது வசதியான இடம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. தமிழில் மூலிகை என்றாலே மருந்து என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மூலிகை ரொட்டி எந்த நோயையும் தீர்க்காது. மைதா ரொட்டி, மூலிகை போட்டாலும் மைதா ரொட்டிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும். அதைச் செய்வதற்கு நல்ல காரணம் சுவை. அந்தக் காரணமே போதும்.

எளிது வேறு, விரைவு வேறு

உழைக்காமல் செய்யும் சமையல் ஒரு சமையலா என்று கேட்பவர்கள் உண்டு. பிசைவதில் ஒரு தவம் இருக்கிறது என்பார்கள். விருப்பத்தோடு பிசைபவருக்கு அது தவமாக இருக்கலாம். விடிகாலையில் எழுந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பெண்களிடம் கேட்டால் தவம் என்று சொல்வார்களா? கிரைண்டர் வந்தபோது இட்லியின் புனிதம் கெட்டதாக யாரும் அழவில்லை. தோள்வலி குறைந்தது என்றுதான் மகிழ்ந்தார்கள். மூட்டுவலியுள்ள முதியவர், ஒரு கை பலவீனமானவர், விடுதி அறையில் தங்கிப் படிக்கும் மாணவர், நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் தாய் ஆகியோருக்கெல்லாம் பிசைதல் என்பது பூட்டிய கதவு. இந்த முறை அந்தக் கதவைத் திறக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சதுரமாக வெட்டிச் சாண்ட்விச் செய்ய இந்த ரொட்டி உதவாது. மெத்தென்ற பன் வேண்டுமென்றால் பிசைந்துதான் ஆக வேண்டும். ஒரே ஒரு ரொட்டிக்காக ஓவனை ஒன்றேகால் மணி நேரம் எரிப்பது மின்கட்டணத்தில் தெரியும். அந்தச் சூட்டில் இன்னொரு ரொட்டியையோ காய்கறியையோ சேர்த்துச் சுட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். இந்த முறைக்கென்றே விலை உயர்ந்த பாத்திரம் வாங்க வேண்டும் என்று தூண்டும் விளம்பரங்களை மட்டும் நம்பத் தேவையில்லை. கனமும் மூடியும் முக்கியம், முத்திரை முக்கியமல்ல.

ஆனால் இந்த ரொட்டி சொல்லித் தரும் பாடம் சமையலறையோடு முடிவதில்லை. எளிதானது எல்லாம் விரைவாகவும் இருக்க வேண்டும் என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. இரண்டு நிமிட நூடுல்ஸ், ஐந்து நிமிட மிக்ஸ் என்று எளிமைக்கு வேகமே அளவுகோலாகிவிட்டது. பிசையாத ரொட்டியோ எல்லாவற்றையும் விட எளிது, எல்லாவற்றையும் விடத் தாமதம். மனிதர் செய்யும் வேலை எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. மீதி மணி நேரங்களில் அவர் தூங்கலாம், படிக்கலாம், வேலைக்குப் போய் வரலாம். மாவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இரவு படுக்கப் போகும் முன் மாவைக் கலந்து மூடி வைத்தவருக்கு மறுநாள் வீடு முழுவதும் ஓமமும் ரோஸ்மேரியும் மணக்கும். அன்று அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இருக்காது. ஆனாலும் ரொட்டி மீதமிருக்காது!